பெரிய கைகள்

“நான் பேசி முடிச்சிடறேன். அப்புறம் நீங்க பேசலாம்” என்றாள் ஓவிய ஆசிரியை.

தலைமையாசிரியையின் மேசைக்கு எதிரே நின்றிருந்தவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அப்பா.

வெளியே மழை. கதவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்ததிலேயே ஆசிரியைக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார். நனைந்த கோட்டைக் கழற்றவில்லை. பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு பேசும் ஆண்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

மூன்று படங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். வருடத்துக்கு ஒன்று. எல்லா வகுப்புக்கும் அவள் கொடுக்கும் முதல் தலைப்பு ஒன்றுதான்: என் குடும்பம். ஒன்றாம் வகுப்பில் கோடு, இரண்டாம் வகுப்பில் உருவம், மூன்றாம் வகுப்பில் அளவு என்று சொல்லிக்கொடுப்பாள். பிள்ளைகள் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்பது இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

“இது ஒண்ணாம் வகுப்பு. உங்க கை தட்டு மாதிரி இருக்கு. இது ரெண்டாவது. தலையணை மாதிரி இருக்கு. இது போன வாரம் வரைஞ்சது. பாதிப் பக்கம் உங்க கைதான்.”

அவர் குனிந்து பார்த்தார். மூன்றாவது படத்தில் நகம், ரேகை, விரல் மடிப்பு எல்லாம் இருந்தன. முகம்தான் வெறும் உருளைக்கிழங்கு.

“நல்லா வரைஞ்சிருக்கா” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அளவு தெரியாமப் போடலை அவ. உள்ளங்கையை முகத்துல வச்சா தாடையிலேர்ந்து நெத்தி வரைக்கும் வரும், கை அவ்வளவுதான்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அம்மா கை சரியா இருக்கு. அவ கை சரியா இருக்கு. உங்க கை மட்டும் ஏன் இப்படி?”

போன மாதம் அவள் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். அடிக்கிறவர்களின் கையைக் குழந்தைகள் பெரிதாக வரைவார்கள் என்று அங்கே சொன்னார்கள். குழந்தையிடம் நேரடியாக எதையும் கேட்கக் கூடாது என்றும் சொன்னார்கள். போன வாரம் இந்தப் படம் வந்ததும் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். பெண்ணின் அம்மாவை அழைத்து, வீட்டுக்காரர் வந்தே ஆக வேண்டும் என்றாள். அவர் வெளியே எங்கும் வருவதில்லை என்று அந்த அம்மா தரையைப் பார்த்துச் சொன்னபோதே அவளுக்கு உறுதியாகிவிட்டது.

“தினமும் லேட்டா வர்றா. கேட்டா, அப்பாவுக்குத் தலை வாரி விட்டேன், சட்டை பட்டன் போட்டு விட்டேன்கிறா. எட்டு வயசுப் பொண்ணு. நீங்க என்ன மகாராஜாவா? பொண்டாட்டி சம்பாதிக்கணும், பொண்ணு சேவகம் பண்ணணும், ஐயா கோட்டு போட்டுக்கிட்டு நிப்பீங்க.”

தலைமையாசிரியை மெல்லத் தொண்டையைச் செருமினார். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

“என் பொண்ணை நான்...” என்று ஆரம்பித்தார் அப்பா. முகம் சிவந்திருந்தது.

“தொட்டதே இல்லைன்னு சொல்லப் போறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க.”

அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

“ஆமா. பொறந்ததுலேர்ந்து தொட்டதே இல்லை.”

“சொல்ல வாய் கூசலையா?”

இதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று தலைமையாசிரியை குறுக்கிட்டார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் தயாராக இருக்கிறது, மாலையில் போய்விடும். போனால், விசாரணை முடிகிறவரை பெண் அரசுக் காப்பகத்தில்தான் இருக்க வேண்டும். அவர் தரப்பை எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

அப்பா பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை.

“எடுங்க” என்றாள் ஓவிய ஆசிரியை. “வீட்டுல காட்டற வீரமெல்லாம் எங்க போச்சு? ஒரு பேனாவை எடுக்க முடியலையா?”

அவர் கதவுப் பக்கம் திரும்பி, “குட்டி, உள்ள வா” என்றார்.

தாழ்வாரத்தில் காத்திருந்த பெண் ஓடிவந்தாள். மேசையில் தன் படங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“சரியா இருக்காப்பா?”

“பெருசாயிடுச்சாம். உங்க மிஸ்ஸுக்குக் கோவம்.”

அவள் ஆசிரியையிடம் திரும்பினாள். “நீங்க சொன்ன மாதிரி அம்மா கையை அம்மா மூஞ்சில வச்சு அளந்தேன் மிஸ். அப்பாவுக்கு அளக்க முடியலை. சின்னதாப் போயிட்டா பத்தாதுல்ல, அதான் தாராளமாப் போட்டேன்.”

“ஏன் அளக்க முடியலை? விட மாட்டாரா?” கேட்கக் கூடாது என்பதை ஆசிரியை மறந்துவிட்டாள்.

பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

“எழுதணும்டா” என்றார் அவர். “பேனாவை எடு.”

அவள் மூடியைக் கழற்றி, தினமும் செய்கிறவளைப் போலப் பேனாவை அப்பாவின் பற்களுக்கு நடுவில் வைத்து, தாள் நகராதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மேசைமேல் குனிந்தார். கோட்டின் கைகள் இரண்டும் பாக்கெட்டுகளிலிருந்து நழுவி, உள்ளே எதுவும் இல்லாமல் ஆடின.