தானாக வந்த முதலீடு

சிராங்கூன் சாலைக் கோப்பிக் கடை. யாமினியும் அசோக்கும் சேர்ந்து தொடங்கும் கிரிப்டோ நிறுவனத்தில் பணம் போட, அசோக்கின் விளம்பரத்தைப் பார்த்துத் தானாகவே வந்ததாகச் சொல்லி உட்கார்ந்திருந்தார் ரத்னவேல்.

"போட்ட பணம் எப்பத் திரும்பி வரும்?" என்று கேட்டார்.

அசோக் வாயைத் திறப்பதற்குள் யாமினி முந்திக்கொண்டாள். "வராமலேயும் போகலாம். மொத்தமும் முழுகலாம். ரிட்டயர் ஆனவங்களுக்கு இது சரிப்படாது."

ரத்னவேல் அவளையே பார்த்தார். "அப்ப வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

யாமினிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அசோக் கொதித்தான். "இன்வெஸ்டர் தேடி நாயா அலையறோம் லா! வந்த ஒரே ஆளையும் விரட்டிட்டியே?"

"அது அவர் சாங்கி ஏர்போர்ட் கார்கோவில முதுகு ஒடியச் சேர்த்த காசு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அசோக் திகைத்தான். "முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ அவரை விட்டிருக்கவே மாட்டே."

திரும்பி வந்த ரத்னவேல் மகளின் தோளில் கை வைத்தார்.

"நல்லவேளை, நீயே சொல்லிட்டம்மா. 'பிள்ளை கஷ்டப்படறா, குடுங்க'ன்னு உங்கம்மா அனுப்பிட்டா. உன் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எனக்கு எங்கே வாய் வரும்?"