இடுப்பளவு மரியாதை

"ஏங்க, வேகத்தைக் குறைங்க! இங்க ஆளுங்க குளிக்கறது கண்ணுக்குத் தெரியலையா? அப்படியே தள்ளி நங்கூரம் போடுங்க!"

மணல்திட்டின் ஓரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, வருகிற படகுகளை அதட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் ரோந்துக்காரருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அது சூறாவளி!

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. விடுமுறை நாள் தவறாமல் விசைப்படகில் சீறிக்கொண்டு வந்து, அலையைக் கிளப்பி, பக்கத்துப் படகில் சாப்பிட உட்கார்ந்தவர்களைத் தட்டோடு நனைத்துவிட்டுச் சிரித்தபடி போகிறவருக்கு ஊர் வைத்த பெயர் இது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, இனி இந்தத் திட்டுப் பக்கமே அவரைத் தலைவைத்துப் படுக்க விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் ரோந்துக்காரர் தன் படகில் கிளம்பி வந்திருந்தார்.

வந்து பார்த்தால் இங்கே கதையே வேறு.

பாட்டை அலறவிட்டபடி நெருங்கிய ஒரு படகைச் சூறாவளி கைகாட்டி நிறுத்தினார். "முதல்ல அந்தப் பாட்டை அணைங்க. நாலு பேரு நிம்மதியா இருக்கலாம்னு வர்ற இடம் இது. கிட்ட வராதீங்க, அங்கேயே நில்லுங்க!"

பாட்டு நின்றது. படகும் நின்றது. திட்டு முழுக்க அப்படி ஓர் அமைதியை ரோந்துக்காரர் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை.

"என்ன சார், திருந்திட்டீங்களா?"

"நமக்குன்னு வந்தாத்தான் சார் தெரியுது. இப்பதான் ஒருத்தன் பேய் வேகத்துல போனான். என்னா அலை! ஒரு மனுஷன் எதையெல்லாம் பறிகொடுக்க வேண்டியிருக்கு!" என்று சூறாவளி புலம்பினார்.

"சரி, உங்க படகு எங்கே?"

"மச்சினன் ஓட்டறான்."

கொஞ்ச தூரத்தில் அந்தப் படகு நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. மச்சினன் விளிம்பில் குனிந்து, தண்ணீருக்குள் உற்று உற்றுப் பார்த்தபடி ஓட்டினான். நீந்துகிறவர் யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாதே என்று எவ்வளவு அக்கறை! ரோந்துக்காரருக்கு மனசு இளகிப்போனது.

கடல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் இறங்க இறங்க, சூறாவளியும் அடிமேல் அடிவைத்து ஆழத்துக்குப் பின்வாங்கினார். அதட்டலை மட்டும் விடவில்லை.

"உங்களை இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன் சார். அந்தப் பேச்சே இனி கிடையாது. மேல ஏறி வாங்க, ஒரு போட்டோ எடுத்துப் படகுத்துறையில பெருசா மாட்டிடறேன். நாலு பேரு பார்த்துக் கத்துக்கட்டும்."

"ஐயோ, போட்டோவா? வேணவே வேணாம் சார்!"

"கூச்சப்படாதீங்க. கையைக் குடுங்க, தூக்கி விடறேன்."

"விடுங்க சார், காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நான் இங்கேயே நிக்கறேன். கடமைதான் முக்கியம்!"

இப்படியும் ஒரு தன்னடக்கமா என்று ரோந்துக்காரருக்குக் கண் கலங்கியது. அந்த மனிதரை அப்படியே விட அவருக்கு மனசு வரவில்லை. சுற்றியிருந்த படகுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் இப்படிக் கிட்ட வாங்க! சாருக்குப் பலமா ஒரு கைதட்டல் குடுங்க!"

சூறாவளி சொல்லிக்கொடுத்த அதே மரியாதையோடு, அலையே எழும்பாமல், படகுகள் நாலாபக்கமும் வந்து சூழ்ந்துகொண்டன. சூறாவளி கழுத்துவரை தண்ணீருக்குள் அமிழ்ந்தார். பெண்களும் பிள்ளைகளும் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தது. எஞ்சின் சத்தமில்லை, பாட்டில்லை. அப்போதுதான் தூரத்துப் படகில் மச்சினன் சட்டென்று நிமிர்ந்து, ஈரம் சொட்டும் எதையோ தலைக்குமேல் சுழற்றியபடி சந்தோஷமாகக் கத்தினான்.

"மாமா, உங்க டவுசர் கிடைச்சிடுச்சு!"