மேனேஜர் மேசையில் இரண்டு மொட்டைகள்

ஆபீஸ் நேரத்தில், மேனேஜர் மேசை மேல், இரண்டு பேர் அம்மணமாக உட்கார்ந்து கொத்தமல்லி தின்றுகொண்டிருந்தார்கள். இருவர் உடம்பிலும் மருந்துக்குக்கூட முடி கிடையாது.

"இதுங்களை முதல்ல எடுத்துட்டுப் போங்க மேடம்," என்றார் மேனேஜர், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "போட்டோ எடுத்தாச்சு. கம்பெனிப் பத்திரிகையில அட்டைப்படமா வந்தாச்சு. இன்னும் எதுக்கு?"

விலங்குக் காப்பகம் நடத்தும் அந்த அம்மா இரண்டையும் தடவிக்கொடுத்தார். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, இரண்டே மாதத்தில் அலுத்துப்போய், அட்டைப்பெட்டியோடு காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போன முடியில்லாத கினிப்பன்றிகள் அவை. மறுபடியும் அதே கதியா?

போன மாதம் தத்துக் கொடுத்தபோது எத்தனை நிபந்தனை போட்டிருந்தார்! முடி இல்லாத உடம்பு குளிர் தாங்காது, ஏசி இருபத்துநாலுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஆபீஸ் முழுக்க ஒரே ஏசி என்பதால் ரிமோட்டின் மேலேயே அதை எழுதி ஒட்டிவிட்டுப் போனார். தோல் காயாமல் வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய். தினமும் குடைமிளகாய். இரண்டையும் பிரிக்கவே கூடாது, துணை இல்லாவிட்டால் ஏங்கியே படுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேனேஜர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட டெலிபோன் ஆபரேட்டர் பெண் கையுறையைக் கழற்றாமலே போட்டாள். அடேயப்பா, என்ன சுத்தம் என்று அன்றைக்கு இந்த அம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இன்றைக்குப் பெருமூச்சு விட்டபடி கூடையைத் திறந்தார். அதே நேரம் அறைக் கதவும் திறந்தது.

"மேடம், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்!"

ஹெட் கிளார்க் முன்னால், கேஷியரும் டைப்பிஸ்டும் ஆபரேட்டரும் பின்னால், அவர்களுக்கும் பின்னால் பாதி ஆபீஸ்.

"என்னய்யா இது கூட்டம்? சீட்ல ஆளே இல்லையா?" என்று கத்தினார் மேனேஜர்.

"பெரிய மொட்டையைக் கொண்டு போயிடாதீங்க மேடம்," கேஷியருக்குக் குரல் தழுதழுத்தது.

மேனேஜரின் கை தன்னாலே தலைக்குப் போயிற்று.

"பன்னியச் சொன்னேன் சார்."

ஹெட் கிளார்க் ஒரு நோட்டை நீட்டினார். "தபால் தராசுல தினமும் எடை போடுறோம் மேடம். பெரிசு வந்தப்போ எழுநூறு கிராம், இப்போ எண்ணூத்தம்பது. எண்ணெய் தேய்க்க ஆளுக்கொரு வாரம். சம்பள பில்லுகூட எங்க ஆபீஸ்ல இவ்வளவு கரெக்டா போட்டதில்ல."

ஆபரேட்டர் பெண் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தி விசும்பிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா உருகிப்போனார். "பன்னெண்டு வருஷமா காப்பகம் நடத்துறேன், இப்படி ஒரு பாசத்தைப் பாத்ததே இல்ல. சரி, ஆபீஸ்ல வேண்டாம்னா விடுங்க. உங்கள்ல யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்! கூண்டு, மெத்தை எல்லாம் நானே தர்றேன்."

விசும்பல் நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் மாமியாருக்கு எலின்னாலே ஆகாது," என்றார் ஹெட் கிளார்க்.

"எங்க வீட்ல பூனை இருக்கு மேடம்," என்றார் கேஷியர்.

"அது போன வருஷமே ஓடிப்போச்சே சார்?" என்றாள் டைப்பிஸ்ட்.

"திரும்பி வந்துட்டா?"

ஆபரேட்டர் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அதுங்க இங்கதான் இருக்கணும் மேடம். ஆபீஸை விட்டு எங்கயும் போகக் கூடாது."

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருத்தர் வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பாவம், பார்க்க முடியாமல் தவித்துப்போவார்களே! இப்படிக்கூடவா விட்டுக்கொடுப்பார்கள் மனுஷர்கள்? மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷத்துக்குள்ள திருப்பிக் கொடுத்தா, ஏன்னு நான் உங்க தலைமை ஆபீசுக்கு எழுதணும் சார். ஒப்பந்தத்துலயே இருக்கு. போட்டோ எடுத்ததும் வேண்டாம்னுட்டார்னு எழுதட்டுமா? அட்டைப்படத்துல உங்க பக்கத்துல பன்னியைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறது உங்க பெரிய முதலாளிதானே?"

மேனேஜர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார்.

"அட, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? உங்களைப் பாத்து நாளாச்சேன்னு கூப்பிட்டேன். இருந்துட்டுப் போகட்டும், ஆயுசு முழுக்க இருக்கட்டும்!"

வெளியே கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. டைப்பிஸ்ட் கேஷியரையே கட்டிப்பிடிக்கப் போய், கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டாள்.

காலிக் கூடையோடு கிளம்பிய அந்த அம்மாவை வாசல் வரை வழியனுப்ப வந்தாள் ஆபரேட்டர் பெண்.

"அடுத்த வாரம் எண்ணெய் தேய்க்கிறது யாரும்மா, நீதானா?"

"ஐயோ, நான் தொடவே மாட்டேன் மேடம். பாத்தாலே உடம்பெல்லாம் கூசுது. என் வாரம் வந்தா டைப்பிஸ்ட் அக்காவுக்கு டீ வாங்கிக் குடுத்து அவங்க தலையில கட்டிடுவேன்."

அந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டார். "அப்போ உள்ள அந்த அழுகை அழுதியே, எதுக்கும்மா?"

அவள் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுங்க வர்றதுக்கு முந்தி ஏசியை அவரு பதினாறுல வச்சிருந்தாரு மேடம்."