மார்ச் எட்டிலிருந்து

"மூட்டு மாத்தும்போதே முட்டிச்சில்லுக்கும் உறை போட்டிருந்தா அம்மாவுக்கு இப்படி வலிக்குமா டாக்டர்?" என்று சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தான் தமிழ்வாணன்.

டாக்டர் திரையைத் திருப்பினார். சில்லு தேய்ந்த விதத்தை வைத்தே, மூட்டு மாற்றியதிலிருந்து முழங்காலின் ஓராண்டு அசைவை நாள்வாரியாக ஓட்டிக் காட்டியது ஸ்கேன். முதல் மாதம் நடையும் நாற்காலியும்தான். பிறகு தினமும் ஐந்தாறு தடவை, தரையோடு தரையாகக் குந்தியிருந்தாள் அம்மா.

"மார்ச் எட்டுலேருந்து குந்துறாங்க. வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையா?"

இருந்த ஒன்றும் அவன் படுக்கையறைக்குள் இருந்தது. மார்ச் எட்டு, அவன் கல்யாண நாள். அன்றுதான் அந்த அறைக்குக் கைரேகைப் பூட்டு மாட்டி, தன் விரலையும் மனைவியின் விரலையும் மட்டும் பதிவுசெய்தான்.

"இருக்கு டாக்டர்," என்று முந்திக்கொண்டாள் அம்மா. "எனக்குத்தான் அது சரிப்படலை. கொல்லைப்பக்கம் இருக்கறதே பழகிப்போச்சு."

டாக்டர் நம்பிவிட்டார். சில்லுக்கு உறை போட மறுபடி அறுவை செய்யவேண்டும் என்று சொல்லி, கைரேகை பதிக்கும் சம்மதப் பலகையைத் தமிழ்வாணனிடம் நீட்டினார்.

"கட்டைவிரலை வைங்க."

தமிழ்வாணன் மேசைக்கடியில் விரல்களை மடக்கிக்கொண்டான்.

அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைப் புடவையால் மூடினாள்.

"வைப்பா. அவருக்கு நேரமாவுதுல்ல."