முனகியது யார்?

கல்யாண வீடுகளுக்குப் போய்வரும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. கொஞ்ச நாளாக எந்தப் பாட்டைப் போட்டாலும் கூடவே "உம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. பொண்ணு வீட்டுக்காரங்க என்னைத்தான் முறைக்கிறாங்க" என்று டிரான்ஸ்பார்மரிடம் கெஞ்சியது ஸ்பீக்கர்.

"கிழடு தட்டிப்போச்சு. காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றது பக்கத்தில் இருந்த கண்டன்சர்.

முனகுவது தான்தான் என்று டிரான்ஸ்பார்மரும் நம்பிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. உடம்பு சூடானதுதான் மிச்சம்.

ஒருநாள் மெக்கானிக் இருதயராஜ் பெட்டியைத் திறந்தார். டிரான்ஸ்பார்மரைக் கழற்றப் போனவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"அட, தலை வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிற நீதானா!" என்று கண்டன்சரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதியது ஒன்றைப் பற்றவைத்தார்.

பாட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது. ஸ்பீக்கருக்கு ஒரே குதூகலம். ஆனால் பாட்டு முடிந்த பிறகும் பெட்டிக்குள் சின்னச் சத்தம்கூட இல்லாததைக் கண்டு அதற்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே... இருக்கீங்களா?"

"இருக்கேன்டா! நீ அடுத்த பாட்டைப் பாடு" என்று சிரித்தது டிரான்ஸ்பார்மர்.