அழித்த புள்ளி

“என் பெரிய பொண்ணு உதட்டுக்கு லேசர் வச்ச மகராசி எங்கே?”

தோல் கிளினிக் மேசையை அந்த அம்மா அறைந்த வேகத்தில் காத்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள்.

“புள்ளி திரும்ப வந்துடுச்சாம்மா? இலவசமாவே எடுத்துடலாம்,” என்றாள் வரவேற்புப் பெண்.

“வரலையே! உதடு பளிங்காட்டம் இருக்கு. சிறுகுடல்லதான் கேன்சர். பரம்பரையா குடல்ல கட்டி முளைக்கிற நோயாம். அந்தக் கரும்புள்ளிதான் அதுக்கு அடையாளமாம். அது இருந்திருந்தா, வயித்துவலின்னு போனப்பவே டாக்டர் சந்தேகப்பட்டிருப்பார். ஏன் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாடி?”

“கல்யாணத்துக்குள்ள அழிச்சாகணும்னு ஒத்தக்கால்ல நின்னு சொன்னது நீங்கதானேம்மா?”

அந்த அம்மாவின் முகம் வெளிறியது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

“சொன்னேன்தான்! அதே வாயால இப்பவும் சொல்றேன். நாளைக்குச் சின்னவளுக்குக் குறிச்ச நேரத்தை அடிச்சு விடு. அவ புள்ளியோடவே ஆஸ்பத்திரிக்கு வர்றா.”