நான் படிக்காமல் விட்ட வரிகள்

உடம்பில் இரும்பு ஏதும் இல்லையே, எல்லாம் கழற்றியாகிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுக்கும் அக்கா மலாயில் கேட்டார்.

“சுடா, காக்,” ஆயிற்று அக்கா என்று தலையாட்டினேன்.

கழற்றவில்லை.

இடுப்புக் கயிற்றில் தாயத்து இருந்தது. ரெம்பியா தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தது. செம்புக் குழல். என் சுண்டுவிரலில் பாதி நீளம்.

“நாப்பத்தெட்டு நாளு. டாக்டரு சொன்னாலும் கழட்டாத, நர்சு மிசி சொன்னாலும் கழட்டாத. கழட்டுனேன்னு வையி, ஒன்ன அங்கேயே வுட்டுட்டு நான் பஸ்ஸேறிருவேன், பாத்துக்க.” மலாக்கா பஸ் நிலையம் வரும்வரை அம்மா இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

காலையிலிருந்து பட்டினி. சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். அது குடலில் இறங்க இறங்க, அரை மணிக்கு ஒரு படம்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், ஆஸ்பத்திரி அங்கிக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தொடைக்கு இறக்கிக்கொண்டேன். அவ்வளவு எளிதாக இறங்கியது. ஒரு வருடமாக வயிற்றுவலி, மலத்தில் ரத்தம்; நான் அவ்வளவு இளைத்திருந்தேன்.

படத்தில் தாயத்து விழவே இல்லை.

போன மாதம் பெரிய டாக்டர் ஒரு காகிதத்தில் என் குடலை வரைந்து காட்டியிருந்தார். வலது பக்கம், அடிவயிற்றில், சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டார். அங்கே புண் வந்து சுருங்கியிருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். கொஞ்ச மாதத்துக்கு வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பை. பேசாமல் விட்டால் ஒருநாள் முழுசாக அடைத்துக் குடல் வெடித்துவிடும்.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் தமிழில் சொன்னவள் நான்தான். பையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பள்ளிச் சீருடைக்குள் ஒரு பை. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் மோகனாவுக்கு வாடை அடிக்கும். எனக்குப் பதினேழு வயது.

கடைசிப் படம். வெள்ளைத் தண்ணீர் அந்த வட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அந்த அக்கா சொன்னார்.

அவர் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் கயிற்றை மேலே இழுத்தேன்.

தாயத்தை விரலால் நகர்த்தி, வலிக்கிற இடத்தின் மேல் சரியாக வைத்தேன். அந்த இடம் எனக்குத் தெரியாதா?

மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய பழுப்பு உறைக்குள் படங்களும் அறிக்கையும் கிடைத்தன. புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் வருகிற எந்தக் காகிதமானாலும் நான்தான் படிப்பேன். கரண்டு பில்லிலிருந்து கவுன்சில் நோட்டீஸ் வரை.

“என்னாதான் எழுதியிருக்கான்? சட்டுனு படி லா,” என்றாள் அம்மா. தம்பி கோகுல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரைப்பை நார்மல். சிறுகுடலின் மேல்பகுதி நார்மல். நடுப்பகுதி நார்மல்.

அத்தோடு மடித்து உறைக்குள் போட்டேன்.

அம்மா அழுதாள். பிறகு சூடம் ஏற்றினாள்.

“பாத்தியா, முனியாண்டி கைய வுடல. இனிமே அந்த டாக்டருகிட்ட நமக்கு என்னாடி வேல?” என்று என் மருத்துவ அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மடித்த பக்கத்தில் இருந்தது இதுதான்: சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஓர் உலோக நிழல் மறைக்கிறது. அந்தப் பகுதியைப் பற்றி எதுவும் கூற இயலாது. அதை அகற்றிவிட்டு உடனே மறுபடியும் படம் எடுக்கவும்.

இருபது நாளாகிறது. சோற்றைத் தட்டிலேயே பிசைந்து பரப்பிவைக்கிறேன். வாந்தி வந்தால் குழாயைத் திறந்துவிட்டு எடுக்கிறேன். வலிக்கும்போது தலையணையைக் கடித்துக்கொள்கிறேன்.

இன்று காலையில் அம்மா கழிவறையிலிருந்தே கத்தினாள்.

“புனி! என்னாடி ரத்தம் இது? மறுபடியும் வந்துருச்சா?”

“இல்லமா. மாசத்துது,” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நேற்று ராத்திரியிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அம்மாவும் அப்போதுதான் உள்ளே போனாள். அப்பா ஜொகூருக்கு லோரி ஓட்டிப் போய் மூன்று நாளாகிறது.

இப்போதுதான், அம்மா குறட்டை விட ஆரம்பித்த பிறகு, கோகுல் பாயோடு உருண்டு என் பக்கத்தில் வந்து படுத்தான். பதினோரு வயது. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டிருந்தான்.

“அக்கா, அது நான்தான். நாலு நாளா வருது.”

அவன் கையைத் தேடிப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

“எனக்கும் படம் எடுப்பாங்க இல்ல?”

“ம்.”

“நீயே படி, என்னா? அன்னிக்குப் படிச்ச மாதிரியே. கீழ இருக்குற மூணு வரியயும் வுட்டுரு.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

அவன் உடனே தூங்கிப்போனான்.